கதவைப் பார்த்த கட்டில்

வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்பது தையல் தொழிலின் முதல் பாடம். டெய்லர் மாமா போன வாரம் அதை மறந்தார். அக்கா மகளின் பள்ளிக்கூடப் பாவாடையை மடிப்புப் பிரித்து இறக்கிக்கொண்டிருந்தவர், ஊசிகளுக்கு நடுவே ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். "உங்கம்மா கடைசி நாள் அன்னிக்குக் கட்டிலைக் கதவு பக்கம் திருப்பச் சொன்னா, நானும் ஒரு வார்டு பாயும் திருப்பினோம்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளக்கூட வழியில்லை, வாயெல்லாம் ஊசி.

அதைக் காதில் வாங்கியவள் சாதாரண ஆள் இல்லை. ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனால் கேள்விமேல் கேள்வி கேட்டுக் குடைவதைப் பார்த்து, 'வக்கீல்' என்று பெயர் வைத்ததே அந்த மாமாதான். அம்மா போனபோது வக்கீலுக்கு நாலு வயது. அம்மா என்றால் அவளுக்கு ஹாலில் இருக்கும் ஒரு போட்டோவும், வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி ஒப்பிக்கும் ஒரு வரியும்தான். கடைசி நாள் முழுக்க அம்மா தூங்கிக்கொண்டே இருந்தாள், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

தூங்குகிறவளுக்குக் கதவைப் பார்த்து என்ன ஆகவேண்டும்?

இந்தக் கேள்வியை வக்கீல் ஒரு வாரமாக யாரிடமும் கேட்கவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவள் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசிக்கு முந்தைய பீரியட் சமூக அறிவியல். எடுப்பவர் வேறு யாருமில்லை, அவளுடைய சித்தி. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அக்கா போன பிறகு அந்த வீட்டு மாடி அறைக்குக் குடிவந்து, அக்கா மகளுக்குத் தலைவாரி, ஹோம்வொர்க் பார்த்து, காய்ச்சலுக்குக் கண்விழித்தவர். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடமெல்லாம் "போர்ஷன் முடியட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். போர்ஷன் இன்றுவரை முடியவில்லை.

நிஜமாகவே முடியாது. தலைமை ஆசிரியருக்கு அவர்மீது இருக்கும் ஒரே குறை அதுதான். மற்ற வகுப்பில் ஆறாம் பாடம் ஓடும்போது டீச்சர் மூன்றாம் பாடத்தில் நின்றுகொண்டு, "இந்த ராஜா ஜெயிச்சதா யாரு சொல்றா? ராஜாவே சொல்றாரா? சரி, தோத்தவர் என்ன சொல்லியிருப்பாரு?" என்று பிள்ளைகளைக் கிளறிவிட்டுக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமைகளில் அதுவும் கிடையாது, புத்தகமே மூடித்தான் இருக்கும்.

அந்த அறையின் கரும்பலகையில் மேலே ஓரமாக இரண்டு வரிகள் எப்போதும் இருக்கும். துடைக்கிற பிள்ளைகள் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் துடைப்பார்கள்.

'இந்த அறையில் தெரியாது என்று சொல்லலாம். பொய் சொல்லக் கூடாது.'

வருடத்தின் முதல் நாள் ஒருவன் எழுந்து, "உங்களுக்குமா மிஸ்?" என்று கேட்டான். "எனக்குத்தான் முதல்ல" என்றார் டீச்சர். வகுப்பே கைதட்டியது. அந்தக் கைதட்டலில் கொஞ்சம் மயங்கித்தான் போனார் என்று நினைக்கிறேன்.

இந்த மாத வேலை இதுதான். உங்கள் வீட்டில், உங்களுக்கு ஞாபகம் இல்லாத ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளைப் பற்றி மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று பேரும் ஒத்துப்போகும் இடத்தை விட்டுவிடுங்கள். ஒத்துப்போகாத இடத்தை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

முதலில் வந்தவன் கடைசி பெஞ்ச் குண்டன். அவன் எடுத்துக்கொண்டது வீட்டுக்கு டி.வி. வந்த நாள்.

"எங்கப்பா, மாடி வரைக்கும் நான் ஒருத்தனாவே தூக்கிட்டு வந்தேன்னு சொல்றாரு. எங்க அத்தை, ரெண்டு ஆளுங்க தூக்கினாங்க, உங்கப்பன் பின்னாடி 'பாத்து, பாத்து'ன்னு கத்திட்டே வந்தான்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டு அங்கிள், அன்னிக்கு உங்கப்பாவுக்கு முதுகு பிடிச்சிருந்துச்சேன்னு சொல்றாரு."

வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது.

"சிரிச்சாச்சா? இப்ப உன் கேள்வி என்ன?"

குண்டன் காதைச் சொறிந்தான். "அப்பா ஏன் மிஸ் தானே தூக்கின மாதிரி ஞாபகம் வெச்சிருக்காரு?"

டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஒரு கேள்விக்காக எத்தனை பாடத்தை வேண்டுமானாலும் பாக்கி வைக்கலாம் என்று நினைப்பவர் அவர். "பிரமாதம்டா. சரி, எல்லாரும் கடைசிக் கேள்வியைக் கேளுங்க."

கடைசிக் கேள்வி வகுப்புக்கே மனப்பாடம். கோரஸாக வந்தது. "இந்தக் கதையில யாரைக் காணோம்?"

குண்டன் யோசித்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது. "அம்மாவைக் காணோம் மிஸ். மூணு பேருமே அம்மாவைப் பத்திச் சொல்லலை. அன்னிக்கு அம்மா எங்க இருந்தாங்கன்னு தெரியலை."

"போய்க் கேட்டுட்டு வா" என்று சொல்லி அவனை உட்காரவைத்தார் டீச்சர். "அடுத்து யாரு?"

வக்கீல் எழுந்தாள். வீடு மாறிய நாளைத்தான் எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். லாரியில் பீரோ ஏறாமல் நின்ற கதை ஒன்று உண்டு, டீச்சர் அதை எதிர்பார்த்துச் சிரிக்கத் தயாரானார்.

"நான் நாளை மாத்திட்டேன் மிஸ். எங்கம்மா செத்துப்போன நாள்."

யாரோ கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்கள். அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

"எங்கப்பா சொன்னது: அம்மா அன்னிக்கு நாள் முழுக்கத் தூங்கிட்டே இருந்தாங்க. அப்பா பக்கத்துலயே உக்காந்து கையைப் பிடிச்சிட்டிருந்தாராம்." அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "எங்க மாமா சொன்னது: அம்மா கட்டிலைக் கதவு பக்கம் திருப்பச் சொன்னாங்க. மாமாவும் ஒரு வார்டு பாயும் சேர்ந்து திருப்பினாங்க. ஒத்துப்போகாத இடம் இதுதான். தூங்கினவங்க எப்படிச் சொல்லியிருப்பாங்க?"

டீச்சர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது ஆள் நீங்கதான் மிஸ். நீங்களும் அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்தீங்க. அம்மா கதவைப் பாத்தது யாருக்காக? என்னையா? என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்களா?"

நாற்பது பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் வக்கீலைப் பார்த்தார். அக்காவின் அதே கண், அதே தூக்கின முகவாய்.

"தெரியாது" என்றார் டீச்சர்.

வக்கீல் கரும்பலகையின் மேல் ஓரத்தை ஒருமுறை பார்த்தாள். "சரி மிஸ். மூணாவது ஆள், தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த பீரியட் டீச்சருக்கு வகுப்பு இல்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பர்மிஷன் சொல்லி, எதிர்த் தெருவில் இருக்கும் பஸ் டிப்போவுக்கு நடந்தார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். கடாவின்மேல் குற்றம் சொல்லி என்ன பயன்? பாயச் சொல்லிக்கொடுத்ததே இவர்தானே.

வக்கீலின் அப்பா பஸ் டிரைவர். அடுத்த டிரிப்புக்கு முன்னால், ஸ்டூல்மேல் ஏறி நின்று சைடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மைத்துனி வருவதைப் பார்த்ததுமே கீழே இறங்கினார்.

"பாப்பாவுக்கு என்ன?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லை அத்தான். எனக்குத்தான்." டீச்சர் நடந்ததைச் சொன்னார்.

டிரைவர் கையிலிருந்த துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை. "உன் தம்பிக்கு வாய்ல பூட்டுப் போடணும்."

"அவன் ஒரு வார்த்தைதான் விட்டான். மிச்சத்தை அவளே கண்டுபிடிச்சுட்டா."

"நீ கத்துக்குடுத்த வித்தை. கேள்வி கேளு, கேள்வி கேளுன்னு. ஊர்ப் பிள்ளைங்க வீட்டுல எல்லாம் அது வேடிக்கை. இப்ப நம்ம வீட்டுக்கு வந்து நிக்குது."

"ஆமா. நான்தான் கத்துக்குடுத்தேன். அவ என்கிட்ட கேட்டப்ப நானே பொய் சொல்லிட்டேன். அந்த ரூம்ல நின்னு." டீச்சர் பள்ளிக்கூடம் இருந்த பக்கம் கையைக் காட்டினார். "அவ பலகையைப் பாத்தா அத்தான். என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

டிப்போவில் ஒரு பஸ் பின்னால் வந்து திரும்பியது. இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.

"சாயங்காலம் சொல்லிடப் போறேன்" என்றார் டீச்சர்.

"வேண்டாம்." டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "என்ன சொல்லுவே? உங்கம்மா கூப்பிட்டா, நீதான் வரமாட்டேன்னுட்டேன்னு சொல்லுவியா? நாலு வயசுப் பிள்ளை சொன்ன ஒரு வார்த்தை. அதை ஆயுசுக்கும் சுமக்கணுமா அவ?"

"சொல்லலைன்னா அவ வேற யாரையாவது சந்தேகப்படுவா. என்னை. இல்லைன்னா உங்களை."

டிரைவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் பக்கத்துலயே இருந்தேன்னு சொல்லியிருக்கேன். அது போதும் அவளுக்கு. நோண்டாதே, விடு."

மைத்துனி போன பிறகும் அவர் அந்தக் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார் என்று, கண்டக்டர் பிற்பாடு டெய்லர் மாமாவிடம் சொன்னார். டிரிப்புக்கு நேரமாகி, வேறு டிரைவர்தான் வண்டியை எடுத்தாராம்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். வக்கீல் வழக்கமாக கேட் அருகில் சித்திக்காகக் காத்திருப்பாள். இன்று அங்கே இல்லை. டீச்சர் வகுப்பறைக்கு ஓடினார். அவள் தன் இடத்திலேயே, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போகலையாடி?"

"வீட்டுல கேட்டா நீங்க சித்தி. சித்தி என்ன வேணா சொல்லலாம், என்னை அழவிடாம இருக்கிறதுக்கு. இங்க கேட்டாத்தான் மிஸ்." அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது. "அதனாலதான் இங்க கேட்டேன். நீங்க இங்கயும் சித்தியாவே இருந்துட்டீங்க."

டீச்சர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, அவள் பக்கத்தில் அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது.

"வகுப்புல நான் சொன்னது பொய். எனக்குத் தெரியும்."

வக்கீல் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"உங்கம்மா முழிச்சிட்டுத்தான் இருந்தா. உன்னைத்தான் கேட்டா. போய்ப் பாப்பாவைக் கூட்டிட்டு வான்னு என்னை அனுப்பினா. நான் வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டு அக்கா உன்னைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. உனக்குச் செருப்பைப் போட்டு விட்டேன், நீ கழட்டிப் போட்டே. கதவு நிலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னு அழுதே."

"நானா?"

"முதல் வாரம் ஒரு தடவை உன்னை அங்க கூட்டிட்டுப் போயிருந்தோம். அம்மா முகம் வீங்கி, மூக்குல டியூப் எல்லாம் இருந்துச்சு. அது எங்கம்மா இல்லைன்னு சொன்னே அன்னிக்கு. பயந்துட்டே. குழந்தைதானே கண்ணு. நான் தூக்கிட்டுப் போயிருக்கணும். தூக்க மனசு வரலை."

வக்கீல் கேள்வி கேட்கும்போது நிமிர்ந்தே இருக்கும் அந்த முகவாய் மெல்லக் கீழே இறங்கியது. எந்தத் துக்கத்துக்காக எட்டு வருடமாக எல்லோரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்களோ, அது அவள் முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துடைக்க அவர் கையில் எதுவும் இல்லை.

"நான் வரமாட்டேன்னு சொன்னது அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லலை. பாப்பா தூங்குறா அக்கா, எழுந்ததும் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

இந்த வார்த்தைகளை டீச்சர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "'எழுப்பிடாதே, தூங்கட்டும்'னு சொன்னா. ஆனா கதவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா."

வக்கீல் சித்தியின் மடியில் கவிழ்ந்தாள். அழுகை என்றால் அப்படியொரு அழுகை. சின்ன வயதில் விழுந்து அடிபட்டபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. அம்மாவுக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை அழுததெல்லாம் போட்டோவைப் பார்த்துத்தானே. டீச்சரும் அழுதார். அக்காவுக்காகவும், அந்தச் செருப்புக்காகவும்.

வெகு நேரம் கழித்து மடியிலிருந்தே ஒரு குரல் வந்தது. "அம்மா உங்களை நம்பியிருப்பாங்களா சித்தி?"

"தெரியாது" என்றார் டீச்சர்.

இந்தத் தடவை வக்கீல் பலகையைப் பார்க்கவில்லை. அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, பாவாடையால் முகத்தைத் துடைத்தாள். மாமா இறக்கிவிட்ட மடிப்பில் பழைய தையல் கோடு இன்னும் தெரிந்தது.

"நீ எந்தத் தப்பும் பண்ணலை. புரியுதா?"

"புரியுது. ஆனா கொஞ்ச நாள் வலிக்கும்."

"வலிக்கும்."

"நீங்களே சொல்லியிருந்தா நான் உங்களோட சேர்ந்து அழுதிருப்பேன். இத்தனை நாளும் நீங்க தனியா அழுதிருக்கீங்க" என்றாள் வக்கீல். டீச்சர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே வாட்ச்மேன் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கிளம்பலாம் என்று டீச்சர் எழுந்தார். வக்கீல் எழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கரும்பலகையையே பார்த்தாள். அந்தச் சுருக்கம் வகுப்பில் டீச்சருக்கு மிகவும் பிடித்தமானது.

"மிஸ்."

சித்தி மறுபடி மிஸ் ஆகிவிட்டதை டீச்சர் கவனித்தார்.

"கடைசிக் கேள்வியை நாம கேக்கவே இல்லை."

"எது?"

"இந்தக் கதையில யாரைக் காணோம்?" அவள் விரலை மடக்கி எண்ணினாள். "அம்மா கட்டில்ல. நீங்க என்னைக் கூட்டிட்டு வரப் போயிட்டீங்க. மாமா கட்டிலைத் திருப்புறாரு. ஆனா கட்டிலைத் திருப்ப மாமாவுக்கு ஒரு வார்டு பாய் தேவைப்பட்டிருக்கு. அப்பாதான் பக்கத்துலயே கையைப் பிடிச்சிட்டு இருந்தாரே மிஸ். அப்புறம் எதுக்கு வேற ஆள்?"

டீச்சர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்று தான் வீட்டிலிருந்து திரும்பி வந்த வார்டு அவர் கண்ணுக்குள் வந்தது. திருப்பிப் போட்ட கட்டில். கட்டிலின் கால்மாட்டில் தம்பி. தலைமாட்டில் ஒரு காலி நாற்காலி. அந்த நாற்காலி காலியாக இருந்ததை அவர் அன்றே பார்த்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் யாரைக் காணோம் என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவர், இந்த எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அதைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தார். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயமாகத்தான் இருந்திருக்கும்.

ஒருக்களித்த கதவு மெல்லத் திறந்தது. வாட்ச்மேன் என்று நினைத்தார்கள்.

அப்பா. டிரைவர் சட்டையோடு, துடைக்கிற துணியைக்கூட வைக்காமல் வந்திருந்தார். எவ்வளவு நேரமாக வெளியில் நின்றாரோ. கண் இரண்டும் கலங்கிச் சிவந்திருந்தன. மகளைப் பார்த்தார், மைத்துனியைப் பார்த்தார். பிறகு பலகையின் மேலே இருந்த அந்த இரண்டு வரிகளை, வாய்க்குள்ளேயே எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தார்.

வக்கீல் எழுந்து நின்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. அவளுக்கு அப்பாவை அவ்வளவு பிடிக்கும்.

"உள்ள வாங்கப்பா" என்றாள்.

அவர் வரவில்லை. கதவு நிலையை ஒரு கையால் பிடித்தார். பிறகு துணி இருந்த கையையும் கொண்டுவந்து, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.